செம்பொன்னும் கிளிச்சிறையும்: வீட்டுச் சுவருக்கு எந்தப் பொன்னிறம்?

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்தால், பொன்னிறம் என்று உரிமை கொண்டாடும் சதுரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். சந்தனம், தேன், கோதுமை, காய்ந்த வைக்கோல், வெல்லப்பாகு என்று ஒவ்வொன்றும் ஒரு பொருளை நினைவூட்டும். அதில் ஒன்றைத் தேர்ந்து அடித்து முடித்த பிறகு, "கார்டுல இப்படி இல்லையே" என்ற பேச்சு எழாத வீடு குறைவு. எந்தப் பொன்னிறம், அதற்குத் துணையாக என்ன நிறம் என்பது சின்னக் கேள்விபோலத்தான் தோன்றும். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவிஞர், வேதியியலாளர், சாயப்பட்டறைத் தலைவர், உளவியலாளர், விளக்குப் பொறியாளர் எனப் பலரும் இதற்கு விடை சொல்லிவந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

பொன்னில் பல நிறம் உண்டு என்பது தமிழுக்குப் பழைய செய்தி. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் பொற்கடை வீதியைச் சொல்லும்போது சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகையைப் பிரிக்கிறது. கிளிச்சிறை என்றால் கிளியின் சிறகு. பச்சை ஓடிய பொன் என்று கொள்ளலாம். செம்பொன் என்ற சொல் சிவப்பு ஓடியதைக் காட்டும். இன்றைய அலங்கார ஆலோசகர்கள் அடிநிறம் என்று விளக்குவதும் ஏறக்குறைய இதைத்தான். இந்த இரண்டு சொற்களையும் கட்டுரை நெடுகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. சுவரில் பொன்னிறம் ஏமாற்றுவது பெரும்பாலும் அது செம்பொன்னிலிருந்து கிளிச்சிறைப் பக்கம் நழுவும்போதுதான்.

மின்னாத பொன்

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். பொன் பொன்னாகத் தெரிவதற்கு நிறம் பாதிக் காரணம். மினுக்கம் மீதிப் பாதி. நாம் நகர்ந்தால் அதன் மேல் ஒளியும் நகர்கிறது. மேட் எமல்ஷன் அடித்த சுவரில் அந்த நகர்வு கிடையாது. மினுக்கத்தைக் கழித்தால் எஞ்சுவது பழுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலான ஒரு நிறம்தான். பெயரை நம்பித் தங்கத்தை எதிர்பார்ப்பவருக்கு முதல் ஏமாற்றம் இங்கேயே காத்திருக்கிறது.

அப்படியானால் மினுக்கத்தையே பூசிவிடலாமே என்பது ஒரு தரப்பு. அதற்கு மிக அழகான வாதத்தை வைத்தவர் ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிசாகி. நிழல்களைப் போற்றி 1933-இல் எழுதிய கட்டுரையில், இருண்ட அறையின் உட்புறத்தில் பொன் தகடு ஒட்டிய திரைகள் தொலைவிலிருந்து வரும் சிறு வெளிச்சத்தையும் வாங்கித் தரும் விதத்தை விவரிக்கிறார். பொன் இருட்டுக்கு உரியது, மின்விளக்கு வந்ததும் அதன் வேலை போயிற்று என்பது அவர் கருத்தின் சாரம். இன்றைய மெட்டாலிக் பெயிண்டில் தங்கம் இல்லை. டைட்டானியம் அல்லது இரும்பு ஆக்சைடு பூசிய மைக்காச் செதில்களே மினுக்குகின்றன. பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும், ரோலர் திரும்பிய ஒவ்வொரு இடத்தையும் அவை காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் டச்சப் செய்தால் திட்டாகத் தெரியும். பூஜை மாடம், நிலைப்படி ஓரம் போன்ற சிறிய, மங்கலான இடங்களுக்குத் தனிசாகி சொல்வது சரி. ஜன்னல் வெளிச்சம் கொட்டும் ஹாலின் நீளச் சுவருக்கு அது பொருந்தாது. இனிப் பேச்செல்லாம் மின்னாத பொன்னைப் பற்றியே.

காவியின் விடை

மிகப் பழைய விடை மண்ணிலிருந்து வந்தது: எது கிடைக்கிறதோ, எது சுண்ணாம்பில் நிற்கிறதோ, அதுவே நிறம். மஞ்சள் காவிக்கு நிறம் கொடுப்பது நீர் சேர்ந்த ஒரு இரும்புக் கனிமம். அதைச் சுட்டால் நீர் வெளியேறிச் செங்காவி ஆகிறது. செங்காவிச் சுவரும் மஞ்சள் காவிச் சுவரும் ஒரே இரும்பின் இரண்டு நிலைகள். ரெட் ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில் மஞ்சள் காவி இயல்பாகப் பொருந்தியதற்கு இந்த உறவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் காவி அசையாமல் நிற்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பின்னால் வேதியியல் புதிய மஞ்சள்களைக் கொண்டுவந்தது. லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் வீட்டு வரவேற்பறைக்குத் தேர்ந்த மஞ்சள், 1781-இல் காப்புரிமை பெற்ற ஈயச் சேர்மம். 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் குரோமியத்தைக் கண்டறிந்தபின் ஈயக் குரோமேட் என்ற குரோம் மஞ்சள் வந்தது. பளிச்சென்று இருந்தாலும் நாளடைவில் கறுக்கக்கூடியது, சுண்ணாம்புக் காரத்தையும் தாங்காது. ஈயம் நஞ்சு என்பது தனிக்கதை. இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சள் எனாமல் கதவு, கிரில் இருந்தால் அதை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் இருப்பது உத்தமம்.

பொருள்வழி விடையை இன்று யாரும் கோட்பாடாகச் சொல்வதில்லை. கடையின் டின்டிங் மெஷினில் எல்லா நிறமும் ஒரே விலையில் வந்துவிடுவதுபோல் ஒரு தோற்றம் இருக்கிறது. ஆனாலும் பெயிண்டர்கள் அதை மறக்கவில்லை. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளுக்குக் கவரிங் வராது. இரண்டு கோட் அடித்தும் அடியில் உள்ள பழைய நிறம் எட்டிப்பார்க்கும். அந்த ஷேடுகளுக்குச் சேர்க்கும் கரிம மஞ்சள்கள் ஒளி ஊடுருவுபவை, அடர் ஷேடுக்கான பேஸில் டைட்டானிய வெள்ளையும் குறைவு. இரும்பு ஆக்சைடு மஞ்சளால் ஆன காவிப் பொன் நன்றாக மூடும், வெயிலில் எளிதில் வெளிறாது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு சதுரங்களில் எது எந்த மஞ்சளால் கலந்தது என்று கார்டு பொதுவாகச் சொல்வதில்லை.

வண்ண வட்டத்தின் சட்டங்கள்

நிறங்களுக்குள் சட்டம் தேடியவர்களில் முதலில் வருபவர் ஜெர்மானியக் கவிஞர் கெதே. அவர் 1810-இல் வெளியிட்ட நிறக்கொள்கை நூல் மஞ்சளை வெதுவெதுப்பும் மகிழ்ச்சியும் தரும் நிறமாக வைக்கிறது. வைமாரில் அவர் வீட்டில் விருந்துக் கூடம் மஞ்சள் பூசப்பட்டது. அதே நூல் ஒரு எச்சரிக்கையும் தருகிறது. மஞ்சள் சட்டென்று மாசுபடும் நிறம்; சற்றே பச்சை கலந்தாலும், மட்டமான பரப்பில் ஏறினாலும் அருவருப்பாகிவிடும். கிளிச்சிறைச் சிக்கலை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் ஐரோப்பாவில் சொன்னவர் அரிது என்றே படுகிறது. மஞ்சள் காவிக்கு நிறம் தரும் அந்த இரும்புக் கனிமத்துக்கு 1806-இல் சூட்டிய பெயர் கெதைட். ஆம், இவர் பெயர்தான்.

கெதே சொன்னது உணர்ச்சி. அளக்கத்தக்க விதியைத் தந்தவர் மிஷெல் ஷெவ்ரல். பாரிஸில் கோபெலின் சாயப்பட்டறைக்குத் தலைவராக இருந்த அவரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறமே கறுப்பை மாற்றிக்காட்டியது. 1839-இல் அவர் நூலாக்கிய உடனிலை முரண் விதியின்படி, ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றுகிறது. மஞ்சளுக்கு எதிர் ஊதாவும் நீலமும் கலந்த பக்கம். பொன்னிறச் சுவரை ஒட்டிய சாம்பல் நிற சோபா லேசான ஊதாவாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்து வந்தவர்கள் பரப்புக்கும் கணக்குப் போட்டார்கள். 1851-இல் லண்டன் படிகமாளிகையின் உட்புறத்துக்கு வண்ணம் வகுத்த ஓவன் ஜோன்ஸ், ஜார்ஜ் ஃபீல்டின் விகிதத்தைப் பின்பற்றினார்: மஞ்சள் 3, சிவப்பு 5, நீலம் 8. ஒரு நூற்றாண்டு கழித்து ஓவிய ஆசிரியர் யோஹன்னஸ் இட்டன் 1961-இல் வெளியிட்ட நூலில் ஊதா மூன்று பங்கு இருந்தால் மஞ்சள் ஒரு பங்கு போதும் என்றார். இருவரும் சொல்வது ஒன்றே: மஞ்சள் வலிமையானது, கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் கோட்பாட்டுக்கும் வீட்டுக்கும் இடையே விரிசல் தெரிகிறது. ஜிவெர்னியில் ஓவியர் மோனேயின் சாப்பாட்டு அறையில் சுவர் மட்டுமல்ல, மரச்சாமான்களும் மஞ்சள். இட்டனின் விகிதப்படி அது தவறு. பார்க்க வருபவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சோனின் அறையும் அப்படியே. நான்கு சுவர் சூழ்ந்த அறைக்குள் இருப்பவரின் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடுகிறது. படச்சட்டத்துக்குள் பார்க்கும் ஓவியத்துக்கு வகுத்த விகிதம் அங்கே செல்லுபடியாகாது. ஆக, ஷெவ்ரலின் விதி நிற்கிறது. அதன் மேல் கட்டிய விகிதக் கணக்குகள் ஐயத்துக்குரியவை.

மனமும் மரபும்

உளவியலார் கேட்ட கேள்வி எளிது: மக்களுக்கு எது பிடிக்கும்? 1941-இல் ஹான்ஸ் ஐசெங்க் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தபோது நீலம் முதலிடத்திலும் மஞ்சள் கடைசியிலும் நின்றன. 2010-இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் பால்மரும் காரென் ஷ்லாஸும், ஒரு நிறத்தோடு மனம் சேர்த்துவைத்திருக்கும் பொருள்கள் பிடித்தவையா இல்லையா என்பதைப் பொறுத்தே அந்த நிறமும் பிடிக்கிறது என்று வாதிட்டனர். அவர்கள் ஆய்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றது இருண்ட மஞ்சள். அழுகல், வாந்தி போன்றவற்றை அது நினைவூட்டியது. அவர்கள் கருத்து சரியென்றால், மஞ்சளும் சந்தனமும் தாலியும் புழங்கும் வீட்டில் விடை மாறலாம். இது ஊகமே.

வெதுவெதுப்பான நிறம் அறையை வெப்பமாக உணரச் செய்யும் என்ற நம்பிக்கைக்குச் சான்று மெலிவு. 1972-இல் பென்னெட்டும் ரேயும் நிறக் கண்ணாடி அணிவித்துச் செய்த சோதனையில், நிறம் வெப்பத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றியதே தவிர உடல் உணரும் வெப்பத்தை மாற்றவில்லை. 1977-இல் ஃபாங்கர் குழு சிவப்பு, நீல விளக்குகளுக்கு இடையே கண்ட வேறுபாடு சுமார் 0.4 டிகிரி. பொன்னிறம் அடித்தால் வீடு காந்தும் என்று அஞ்ச வேண்டாம். மஞ்சள் அறையில் கைக்குழந்தை அதிகம் அழும் என்ற பரவலான கூற்றைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் ஆதாரம் எதையும் காட்டுவதில்லை.

வாஸ்துவை நாடுவோரும் உண்டு. மயமதம் போன்ற பழைய நூல்கள் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறம் பிரித்துப் பேசுவது மனையின் மண்ணைப் பற்றி, அதுவும் வருணக் கணக்கில். இன்று புழங்கும் 'இந்தத் திசை அறைக்கு இந்தப் பெயிண்ட்' என்ற பட்டியல்களை அவற்றோடு ஒன்றாக எண்ணுவது கடினம்.

லண்டன் வெயிலும் சென்னை வெயிலும்

உள் அலங்கார நூல்களில் அதிகம் திரும்ப வரும் விதி ஒன்று: வடக்கு பார்த்த அறையில் ஒளி நீலமும் குளிர்ச்சியுமாக இருக்கும், அதைச் சரிக்கட்ட வெதுவெதுப்பான பொன்னிறம் அடியுங்கள். லண்டனில் நண்பகல் வெயில் ஆண்டு முழுதும் தெற்கிலிருந்தே வருவதால் அங்கே இது நியாயம். சென்னை 13 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் 18-ஐ ஒட்டித்தான் திரும்பும். அந்த நான்கு மாதம் நடுப்பகலிலும் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்தே விழும். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை காலையும் மாலையும் வடக்குச் சுவர் நேரடி வெயில் வாங்கும். வடக்கு அறை என்பதற்காகவே தேன் நிறத்தை அடித்தவர் மே மாதத்தில் அது எரிவதைக் காண நேரிடும். அந்த விதியைத் தமிழில் அப்படியே பெயர்த்துத் தரும் அறிவுரைகள் வேறு ஊர் வெயிலுக்கு எழுதப்பட்டவை.

நகரத்து வீடுகளில் இன்னொரு திருத்தமும் தேவை. ஜன்னலுக்கு மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கும்போது உள்ளே வருவது வானத்து ஒளி அல்ல, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி. அது பச்சைச் சுவரானால், உள்ளே எந்தச் செம்பொன்னும் கிளிச்சிறைதான். திசையைக் கேட்பதற்கு முன் எதிர்ச் சுவரின் நிறத்தைக் கேட்க வேண்டும் என்பேன்.

அறைக்குள்ளும் இதே விளையாட்டு நடக்கிறது. பேச்சுக்கு ஒரு பொன்னிறச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் மஞ்சள், சிவப்புப் பகுதியில் 60 சதவீதத்தையும் நீலப் பகுதியில் 20 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை பட்டுத் திரும்பும்போது விகிதம் மூன்றுக்கு ஒன்று. அந்த ஒளி எதிரே உள்ள அதே நிறச் சுவரில் பட்டு இரண்டாம் முறை திரும்பினால் 36-க்கு 4, அதாவது ஒன்பதுக்கு ஒன்று. நான்கு சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. கார்டில் இரண்டு அங்குலத்தில் சாதுவாக இருந்த சதுரம் அறை நிறைந்ததும் ஆவேசப்படுவதன் கணக்கு இதுதான். விரும்பிய நிறத்தைவிட ஒரு படி வெளிறியதும் ஒரு படி சாம்பல் கலந்ததுமான ஷேடை எடுங்கள் என்ற பெயிண்டர் வழக்குக்கு இதில் அடிப்படை இருக்கிறது. வெளிச்சுவரிலும் நிறம் கூடித்தான் தெரியும். ஸ்வீடனில் கரின் ஃப்ரிடல் ஆன்டர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, முகப்பில் அடித்த நிறம் மாதிரி அட்டையில் உள்ளதைவிட வெளிச்சமாகவும் செறிவாகவும் உணரப்படுவதைப் பதிவு செய்தது.

இரவு வேறு கதை. நம் வீடுகளில் பழகிப்போன 6500 கெல்வின் வெள்ளை எல்இடி நீலம் மிகுந்தது. அதன் கீழ் பொன்னிறம் வெளிறி, பச்சை பக்கம் சாயும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள வார்ம் ஒயிட் விளக்கு செம்பொன்னைக் காப்பாற்றும். பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பழைய விளக்கையே மாட்டிவைப்பது வீண்.

அக்கம்பக்கம்

இருபதாம் நூற்றாண்டில் ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் விதிகளையே ஒதுக்கிவைத்தார். ஒரே நிறம் இரண்டு பின்னணியில் இரண்டு நிறமாகத் தெரியும். ஆகவே நிறத்தைப் படித்தறிய முடியாது, பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது 1963-இல் வந்த அவர் நூலின் நிலைப்பாடு. இதன் பலவீனம் வெளிப்படை: எதையும் முன்கூட்டிச் சொல்லாது. வாங்குவதற்கு முன் வழி கேட்பவருக்கு 'செய்து பார்' என்பது பாதி விடையே.

ஆனாலும் வீட்டில் மாற்ற முடியாதவை எவை என்பதிலிருந்து தொடங்கினால் அந்தப் பாதி விடையும் உதவும். தரை முதல் அண்டை. ரெட் ஆக்சைடு தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லின் செம்மைக்கும் காவி சார்ந்த பொன் உறவுக்காரன். நீலம் ஓடிய சாம்பல் கிரானைட்டின் அருகே அதே பொன் இரண்டு மடங்கு மஞ்சளாகும். அங்கே மணல் நிறத்தோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. கிரீம் வெட்ரிஃபைட் டைல்ஸ்தான் சங்கடமானது: சுவரும் தரையும் ஏறத்தாழ ஒரே வெளிறலில் இருந்தால் இரண்டும் அழுக்காகத் தெரியும். சுவரைத் தெளிவாக இரண்டு படி ஆழமாக்குவது, இல்லையேல் வெள்ளையாகவே விடுவது நல்லது. தேக்குக் கதவு பழகப் பழகச் சிவந்து பொன்னோடு சேரும். ஆனால் வார்னிஷ் அடித்த புதுக்கதவு சுவரோடு போட்டியிடும். நடுவே வெள்ளைச் சட்டம் ஒன்று ஓடினால் சண்டை தீரும். சீலிங்கின் வெள்ளை நீலம் கலந்த பளீர் வெள்ளையாக இருக்கக்கூடாது. ஒரு சொட்டு மஞ்சள் போட்ட வெள்ளை போதும்.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி இதற்கெல்லாம் திறந்தவெளிப் பாடம். அங்கே மஞ்சள் தனியே நிற்பதில்லை. வெள்ளைப் பட்டைகள் அதை வெட்டுகின்றன. காகிதப்பூவின் ஊதா ஷெவ்ரலின் எதிர் நிறத்தைத் தானாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. சில அடி தள்ளி அரவிந்தர் ஆசிரமத்தின் சாம்பல் சுவர்கள் அந்த மஞ்சளை இன்னும் தூக்கிக்காட்டுகின்றன. கடற்கரை வெயிலில் அழகாக நிற்கும் அந்த மஞ்சளை அப்படியே படுக்கையறைக்குள் கொண்டுவந்தால் தாங்க முடியாது.

எஞ்சி நிற்பவை

விடைகளைத் தட்டில் வைத்து நிறுத்தால், ஷெவ்ரலின் முரண் விதியும் அறைக்குள் ஒளி திரும்பித் திரும்பி நிறம் கூட்டும் கணக்கும் உறுதியானவை. எந்த ஊருக்கும் செல்லும். காவியின் நிலைத்தன்மையும் அப்படியே. பரப்பு விகிதங்கள், திசைவழி விதிகள், மனநிலை வாக்குறுதிகள் ஆகியவை ஒன்று இடத்தைச் சார்ந்தவை அல்லது சான்று குறைந்தவை. இங்கே எடுத்துச் சொன்ன விருப்ப ஆய்வுகளும் வெப்ப ஆய்வுகளும் மிதவெப்ப நாடுகளின் ஆய்வகங்களில் பிறந்தவை. வெயிலைத் தடுக்கவே வீடு கட்டும் ஊரில், வெளிச்சத்தை வரவழைக்க வீடு கட்டும் ஊரின் முடிவுகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தீராத கேள்வி. நீண்டகாலம் ஒரே பொன்னிறத்துக்குள் வாழ்பவரின் கண் எவ்வளவு பழகிக்கொள்கிறது, விருந்தினர் காணும் நிறமும் வீட்டார் காணும் நிறமும் ஒன்றா என்பதும் அப்படியே.

சுண்ணாம்புக் காலத்தில் தவறான நிறம் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரைதான் இருந்தது. இன்றைய எமல்ஷன் பல ஆண்டு உத்தரவாதத்தோடு வருகிறது. தவறும் அத்தனை ஆண்டு நிற்கும். ஆகவே கடையில் சிறிய மாதிரி டப்பா ஒன்று கேட்டு வாங்குங்கள். சுவரில் நேரடியாக அடிக்காமல், இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, தரையைத் தொடும்படி ஒவ்வொரு சுவரிலும் ஒரு நாள் சாய்த்துவையுங்கள். காலையிலும் மூன்று மணி வெயிலிலும் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு, வழக்கமாக எரியும் விளக்கைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.